கொதிநீருக்குள் கண்ணாடிச் செவி

எவ்வளவு தூய்மையான கண்ணாடிக்குள்ளும் வெளிச்சம் முழுதாகப் போய்ச் சேர்வதில்லை. இன்று உலகெங்கும் தொலைபேசிக்கும் இணையத்துக்கும் பயன்படும் ஒளியிழையை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமுடி அளவே தடிமன், சரியாகச் சொன்னால் 125 மைக்ரான். அதற்குள் ஓடும் ஒளியில் கிலோமீட்டருக்கு நூற்றுக்கு நாலரைப் பங்கு குறைந்துபோகிறது. கண்ணாடியிலுள்ள மாசை நீக்கிவிட்டால் ஒளியைத் தொலைதூரம் அனுப்பலாம் என்று சார்லஸ் காவும் ஜார்ஜ் ஹாக்கமும் 1966-இல் எழுதினார்கள். 1970-இல் கார்னிங் நிறுவனத்தார் அப்படி ஓர் இழையை இழுத்தும் காட்டினார்கள். அதன் பிறகு இரும்பு, செம்பு போன்ற உலோக மாசெல்லாம் போனது. ஈரமும் போனது. எல்லாம் போன பிறகும் ஒரு குறை மட்டும் கண்ணாடியை விட்டுப் போகவில்லை.

அந்தக் குறை கண்ணாடி பிறக்கும்போதே அதனுடன் பிறந்தது. இழை இழுக்கப்படும் உலையில் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். இளகிய நிலையில் அணுக்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. இங்கே கொஞ்சம் நெருக்கம், பக்கத்திலேயே கொஞ்சம் தளர்வு, மறுகணம் வேறு மாதிரி. கண்ணாடி இறுகும் நொடியில் அந்த நெருக்கமும் தளர்வும் எப்படி இருந்தனவோ அப்படியே உறைந்துவிடுகின்றன. அவை ஒளியலையின் நீளத்தைவிட மிகமிகச் சிறியவை, ஆனாலும் ஒளி அவற்றில் பட்டுச் சிதறுகிறது. பின்னாளில் ராலே பிரபு என்று அறியப்பட்ட ஜான் ஸ்ட்ரட், வானத்தின் நீலத்துக்கு 1871-இல் சொன்ன விளக்கம் இந்த வகைச் சிதறல்தான். உலையின் கொந்தளிப்பு அறை வெப்பத்திலும் கண்ணாடிக்குள் அழியாத பதிவாக நிற்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புக் குறைந்ததே இல்லை.

தொலைத்தொடர்புக்காரர்களுக்கு இது தீராத நஷ்டம். வேறு சிலருக்கோ இந்த நஷ்டமே காதானது. இங்கே நான் நயம் பாராட்ட எடுத்துக்கொண்டிருப்பது அந்தக் காதைத்தான். குறிப்பாக, கொதிநீரும் கச்சா எண்ணெயும் உப்பும் கந்தக வாயுவும் நிறைந்த ஆழ்துளைக் கிணறுகளுக்குள் இறக்கி, அங்கே ஓடும் திரவங்களின் ஓசையைக் கேட்கும் காதை.

அது கேட்கும் விதம் இது. கிணற்றின் வாயருகே ஒரு லேசர் இருக்கும். அது நொடிக்குப் பல ஆயிரம் முறை இழைக்குள் சின்னச் சின்னத் துடிப்புகளை அனுப்புகிறது. ஒரு துடிப்பின் ஆயுள் நூறு நானோநொடி, அதாவது நொடியில் கோடியில் ஒரு பங்கு. கண்ணாடிக்குள் ஒளியின் வேகம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். ஆகவே அந்தத் துடிப்பு, இழைக்குள் ஓடும் 20 மீட்டர் நீள ஒளித்துண்டு. போகிற வழியெல்லாம் அது சிதறுகிறது. சிதறியதில் பெரும்பகுதி பக்கவாட்டில் வெளியேறிவிடும். ஒரு சொட்டு மட்டும் வந்த வழியே திரும்பும். ஓரிடத்திலிருந்து அப்படித் திரும்புவது அனுப்பியதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

அந்தச் சொட்டு எப்போது வந்து சேர்கிறது என்பதே எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்று. மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து திரும்ப 30 மைக்ரோநொடி ஆகும். ஒன்றரைக் கிலோமீட்டரிலிருந்து 15. இப்படி நேரத்தைக் கூறுபோட்டால் இழையின் ஒவ்வொரு பத்து மீட்டரும் தனித்தனிக் காதாகிவிடுகிறது. மூன்று கிலோமீட்டர் இழையில் முந்நூறு காதுகள். அவற்றில் எதையும் யாரும் அங்கே பொருத்தவில்லை. ஒலிவாங்கி, மின்கலம், சில்லு, பற்றவைத்த முனை எதுவும் கீழே கிடையாது. கீழே இருப்பதெல்லாம் கண்ணாடி. கேட்கும் வேலையின் மிச்சம் முழுவதும் மேலே, கம்பிவேலிக்குள் நிற்கும் ஒரு கொட்டகையில் நடக்கிறது.

ஓசை தொட்டால் இழை நீளும், சுருங்கும். எவ்வளவு? பத்து மீட்டரில் பத்து நானோமீட்டர் நீண்டாலும் போதும், தெரிந்துவிடும். கண்ணாடியில் சிலிக்கனும் ஆக்சிஜனும் பிணைந்து நிற்கும் தூரம் 0.16 நானோமீட்டர். பத்து மீட்டரில் அப்படிப்பட்ட தூரங்கள் ஆறாயிரம் கோடிக்கு மேல் அடங்கும், கூடியதோ அறுபது. இந்த அளவு நீட்சி, திரும்பி வரும் 1,550 நானோமீட்டர் அலையை ஒரு முழு அலையில் ஏறத்தாழ எழுபதில் ஒரு பங்கு பிந்த வைக்கிறது. இரண்டு இடங்களிலிருந்து வரும் சிதறல்களை ஒன்றோடொன்று மோதவிட்டு அந்தப் பிந்தலை அளக்கிறார்கள்.

இந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. நீட்சியிலிருந்து அலையின் பிந்தலைக் கணக்கிடுகிறவர்கள் எப்போதும் 0.78 என்ற எண்ணால் பெருக்குவார்கள். இழுபட்ட கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஒரு துளி குறைகிறது. அதனால் ஒளி அதற்குள் ஒரு துளி விரைவாக ஓடுகிறது. பாதை நீண்டதால் வந்த தாமதத்தில் 22 சதவீதத்தை இந்த விரைவு திருப்பி எடுத்துக்கொள்கிறது. ஒரே இழுப்பு ஒரு பக்கம் கூட்டி, மறுபக்கம் கழித்து, மிச்சத்தைத்தான் நமக்குத் தருகிறது. அந்த 0.78-ஐப் பார்க்கும்போது கண்ணாடியின் சுபாவமே ஓர் எண்ணில் எழுதப்பட்டிருப்பதாக எனக்குத் தோன்றும்.

சிதறல் தாறுமாறானது என்பதால் ஒரு சிக்கலும் உண்டு. சில இடங்களில் சிதறிய அலைகள் ஒன்றையொன்று சரியாக அழித்துக்கொள்ளும். அங்கிருந்து வெளிச்சமே திரும்பாது. அந்தக் காது செவிடு. இதற்கு மாற்றாக லேசரின் நிறத்தை மிக நுண்ணிய அளவில் மாற்றி மீண்டும் கேட்கிறார்கள். நிறம் மாறினால் அழிவு நிகழும் இடங்களும் மாறிவிடும். ஒரு நிறத்துக்குச் செவிடான இடத்தை இன்னொரு நிறம் கேட்டுவிடும். இன்னும் ஒரு படி போய், புற ஊதாக் கதிரைக் கண்ணாடிமேல் பாய்ச்சி, வேண்டுமென்றே நுண்ணிய ஒழுங்கின்மையை எழுதிச் சிதறலை வளர்ப்பவர்களும் உண்டு. தொலைத்தொடர்புத் தொழிலில் ஒரு தலைமுறை முழுவதும் குறைக்கப் பாடுபட்டதைப் பக்கத்துத் தொழில் பாடுபட்டுக் கூட்டுகிறது.

இனி இந்தச் செவி வாழும் இடம். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மில்ஃபர்ட் என்ற ஊருக்குப் பக்கத்தில், யூட்டா ஃபோர்ஜ் என்ற பெயரில் அந்நாட்டு எரிசக்தித் துறையின் ஆதரவில் ஒரு புவிவெப்ப ஆய்வுக்களம் இயங்குகிறது. அங்கே தரைக்குக் கீழே 200 டிகிரிக்கு மேல் கொதிக்கும் கருங்கல் பாறை கிடக்கிறது. அதற்குள் நீர் போய்வர இயற்கையான வழி இல்லை. ஒரு கிணற்றில் நீரை அழுத்தி இறக்கிப் பாறையில் விரிசல் உண்டாக்கி, சூடேறிய நீரை இன்னொரு கிணற்றில் ஏற்ற வேண்டும். 16ஏ என்ற முதல் கிணறு செங்குத்திலிருந்து 65 டிகிரி சாய்ந்து போகிறது. 2023-இல் துளைத்த 16பி அதற்குச் சுமார் நூறு மீட்டர் மேலே, அதே சாய்வில் போகிறது. அதன் சுவராக நிற்கும் கேசிங் குழாய்க்கு வெளியே, குழாய்க்கும் பாறைக்கும் நடுவில், ஒளியிழைக் கேபிளை வைத்துச் சிமெண்டால் இறுக்கினார்கள்.

2024 ஏப்ரலில் 16ஏ கிணற்றிலிருந்து பாறையைப் பிளந்தபோது, விரிசல்கள் மேலே ஏறி இழையைக் கடந்தது அதன் நீட்சியும் சுருக்கமுமாகப் பதிவானது. விரிசல் நெருங்குவதை இழை உணரும் விதம் ரசிக்கத் தக்கது. நேரத்தை இடமிருந்து வலமாகவும் ஆழத்தை மேலிருந்து கீழாகவும் வைத்து, நீட்சிக்குச் சிவப்பும் சுருக்கத்துக்கு நீலமும் தீட்டுவது இத்துறை வழக்கம். விரிசலின் முனை தொலைவில் இருக்கும்போதே அதன் முன்னாலுள்ள பாறை இழுபடத் தொடங்குகிறது. ஆகவே முதலில் அகன்ற, மங்கலான ஒரு சிவப்பு தெரியும். முனை நெருங்க நெருங்க அது ஒடுங்கி இதய வடிவில் குவிகிறது. விரிசல் இழையைத் தொட்டதும் ஒற்றைக் கோடாகச் சிவப்பு நிற்கும். இரு பக்கமும் நீலம் படரும். வாய் திறந்த விரிசல் பக்கத்துப் பாறையை அமுக்குவதால் வரும் நீலம் அது. மேலே நீரேற்றத்தை நிறுத்தினால் விரிசல் மூடத் தொடங்கும். நிறங்கள் இடம் மாறும். இந்த அசைவுகளின் அதிர்வெண் 0.05 ஹெர்ட்ஸுக்கும் கீழே. ஒரு சுற்று முடிய இருபது நொடிக்கு மேல் ஆகும். இதை ஓசை என்று அழைக்கலாமா என்றுகூடக் கேட்கலாம். அழைக்கலாம் என்பது என் கட்சி. அதே இழை, அதே லேசர், அதே கணக்கு. மனிதச் செவி நின்றுவிடும் இடத்தில் இது நிற்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்தில் நீரின் எடை மட்டுமே 250 வளிமண்டல அழுத்தம். கேட்க வேண்டிய ஓசையோ சில பாஸ்கல், சில சமயம் அதற்கும் கீழே. பாரம் ஓசையைவிடச் சுமார் கோடி மடங்கு பெரியது. சாதாரண ஒலிவாங்கியின் சவ்வு அந்தப் பாரத்திலேயே முறிந்துபோகும். இழை முறிவதில்லை, திணறுவதும் இல்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் என்ன மாறியது என்பதை மட்டுமே அது சொல்கிறது. மாறாமல் நிற்கும் பாரம், அது எவ்வளவு பெரிதானாலும், அதன் கணக்கில் சுழியம்.

அழுத்தத்துக்கு அஞ்சாத இந்தக் கண்ணாடியை வீழ்த்துவது எது தெரியுமா? இருப்பதிலேயே சிறிய மூலக்கூறான ஹைட்ரஜன். கிணற்றில் இரும்பும் நீரும் சேர்ந்து துருப்பிடிக்கும்போது அது உண்டாகிறது. வேறு வழிகளிலும் வருகிறது. கண்ணாடி நமக்குத்தான் இடைவெளியில்லாத திடப்பொருள். ஹைட்ரஜனுக்கு அது வலை. அறை வெப்பத்தில் அது இழையின் நடுவரை ஊறிச் சேரச் சில நாட்கள் ஆகும். 200 டிகிரியில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். உள்ளே நுழைந்த ஹைட்ரஜன் இரண்டு விதமாகக் கெடுக்கிறது. சும்மா தங்கியிருந்தாலே 1,240 நானோமீட்டர் அருகே ஒளியை விழுங்கும். சுற்றுப்புறத்தில் ஹைட்ரஜன் குறைந்தால் வெளியேறிவிடும், கண்ணாடி தெளிந்துவிடும். கண்ணாடியின் குறைகளோடு வினைபுரிந்து ஹைட்ராக்சிலாக மாறிவிட்டால் 1,383 நானோமீட்டர் அருகே ஒளியை விழுங்கும், அது நிரந்தரம். நீராவி செலுத்தி எண்ணெய் எடுக்கும் கிணறுகளில் இறக்கிய பழைய இழைகள் இப்படித்தான் கருத்துப்போயின.

இதற்குக் கண்ட மருந்தில் எனக்குப் பெரும் மரியாதை உண்டு. ஒளி உள்ளேயே ஓட வேண்டுமானால் இழையின் நடுத்தண்டுக்கு ஒளிவிலகல் எண் கூடுதலாகவும் சுற்றுறைக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். வழக்கமான இழையில் நடுத்தண்டோடு ஜெர்மேனியம் சேர்த்து எண்ணை உயர்த்துவார்கள். ஹைட்ரஜன் முதலில் பிடித்துக்கொள்வது இந்த ஜெர்மேனியம் உண்டாக்கும் குறைகளைத்தான். ஆகவே ஜெர்மேனியத்தையே எடுத்துவிட்டார்கள். நடுத்தண்டு கலப்பில்லாத சிலிக்கா. ஆனால் அப்போது ஒளி உள்ளே நிற்க வழி? சுற்றுறையில் ஃப்ளோரின் சேர்த்து அதன் எண்ணைத் தாழ்த்தினார்கள். நடுவை உயர்த்துவதற்குப் பதில் சுற்றியிருப்பதைத் தாழ்த்தியது எவ்வளவு சுத்தமான தீர்வு!

அதன்மேல் ஒரு கரிப்படலம். இழை உலையிலிருந்து சூடாக இறங்கி வரும்போதே ஹைட்ரோகார்பன் வாயுவைக் காட்டினால், அது சிதைந்து சில பத்து நானோமீட்டர் தடிமனில் கரியாகப் படிகிறது. அந்த மெல்லிய கறுப்பு, 150 டிகிரி வரை ஹைட்ரஜனை உள்ளே விடாமல் தடுக்கும். அதற்கு மேல் அதுவும் தளர்ந்துவிடும். அந்த வெப்பத்தில் தூய சிலிக்காவே துணை. கரிக்கு மேலே பாலிமைடு என்ற பொன்னிறப் பூச்சு. இதைத் தடித்த ஒரே பூச்சாகப் பூச முடியாது. மெல்லியதாகப் பூசிச் சுட்டு, மறுபடி பூசிச் சுட்டு, பல அடுக்காக ஏற்ற வேண்டும். தொலைபேசி இழையின் அக்ரிலேட் பூச்சு 85 டிகிரியோடு சரி. பாலிமைடு 300 வரை தாங்கும். அதற்கும் மேலே போக வேண்டுமென்றால் தங்கத்தையே பூசுகிறார்கள்.

பூச்சுகளுக்கு வெளியே எஃகுக் குழாய். எளிய கவசமாகத் தெரியும் இந்தக் குழாயில் ஒளிந்திருக்கும் கணக்கு என்னை மிகவும் ஈர்த்தது. 200 டிகிரி சூடேறினால் ஒரு கிலோமீட்டர் எஃகு சுமார் மூன்று மீட்டர் நீளும். சிலிக்காக் கண்ணாடியோ பதினோரு சென்டிமீட்டர்தான் நீளும். இரண்டும் ஒரே நீளத்தில் இருந்தால் சூடேறும்போது குழாய் இழையை இழுத்துப் பிடிக்கும், நாளடைவில் இழை அறுந்துபோகலாம். எனவே குழாயைப் பற்றவைக்கும்போதே கூடுதல் நீளத்தில் இழையைத் தளர்வாக விட்டு வைக்கிறார்கள். கூடுதலும் அளவு மீறக் கூடாது. குளிர்ந்த நிலையில் அந்தத் தளர்வு குழாய்க்குள் நெளியும். நெளிவு அதிகமானால் வளைவுகளில் ஒளி கசிந்துவிடும். ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு என்ற அந்தக் கூடுதலைத் தீர்மானிப்பதில்தான் கேபிள் செய்பவரின் கைத்திறன் தெரியும்.

இந்தக் கலையின் நடுச்சிக்கல் இங்கேதான் இருக்கிறது. நன்றாகக் கேட்க வேண்டுமானால் இழை திரவத்தையோ பாறையையோ இறுகத் தொட வேண்டும். பிழைத்திருக்க வேண்டுமானால் அவற்றிடமிருந்து விலகி நிற்க வேண்டும். தளர்வாகக் கிடக்கும் இழைக்கு எஃகின் நடுக்கம் முழுதாகப் போய்ச் சேராது. எஃகோடு ஒட்டிய இழை எஃகின் இழுப்பையும் வாங்கிக்கொள்ளும். இடையில் நிரப்பும் களிம்பு இந்த இரண்டுக்கும் சமரசம் செய்துவைக்கிறது. மெதுவாக இழுத்தால் வழுக்கிக் கொடுக்கும். வேகமாக அதிர்ந்தால் இறுகிப் பிடித்து அதிர்வைக் கடத்தும். சூடேறுவது மெதுவான இழுப்பு, ஓசை வேகமான அதிர்வு. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடித்துக்கொள்ளும் களிம்பு! அதற்குள்ளேயே ஹைட்ரஜனை விழுங்கும் பல்லேடியம் சேர்மங்களைக் கலந்து வைப்பதும் உண்டு.

காதின் திசையையும் கவனிக்க வேண்டும். நேராக நீட்டிய இழை தன் நீளவாக்கில் வரும் இழுப்பை மட்டுமே உணரும். அலை பக்கவாட்டில் செங்குத்தாக வந்து மோதினால் நேரிழைக்கு ஏறக்குறைய ஒன்றுமே கேட்காது. ஆகவே இழையை ஒரு மையத்தண்டின்மேல் திருகாகச் சுற்றிக் கேபிள் செய்கிறார்கள். எந்தப் பக்கமிருந்து அலை வந்தாலும் சுற்றின் ஏதோ ஒரு பகுதி அதற்கு நீளவாக்காக அமைந்துவிடும். இழைச் சுருளைக் கொண்டு கேட்பது, அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் 1977-இல் உருவான முதல் ஒளியிழை ஹைட்ரோஃபோன்களிலிருந்து, அதாவது நீரடி ஒலிவாங்கிகளிலிருந்து, தொடங்கிய மரபு. உள்ளே காற்றுள்ள உருளைமேல் பல மீட்டர் இழையைச் சுற்றினால், ஓசை உருளையை அமுக்கும்போது சுற்று முழுவதும் ஒருசேரச் சுருங்கும். சுற்றச் சுற்றக் காது கூர்மையாகும். 2004-இல் பணியில் சேர்ந்த விர்ஜினியா வகை நீர்மூழ்கிகளின் விலாவில் ஒளியிழைக் காதுகள்தான் இருக்கின்றன. வட கடலின் எகோஃபிஸ்க் எண்ணெய் வயலில் 2010 முதல் கடலடியில் ஒளியிழை உணரிகள் நிரந்தரமாகக் கிடக்கின்றன.

கருவியைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, அது கேட்கும் திரவங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. திரவங்களுக்கு நிஜமாகவே சுருதி உண்டு. உட்ரெக்டில் பணியாற்றிய வானியலாளர் மார்செல் மின்னார்ட் 1933-இல் நீருக்குள் காற்றுக்குமிழி எழுப்பும் ஒலியை ஆராய்ந்தார். குமிழி ஒரு சுருள்வில். உள்ளே காற்று அமுங்கி விரிகிறது, சுற்றியுள்ள நீர் அதற்கு எடை. ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி, நீரின் மேல்மட்டத்துக்கு அருகில் சுமார் 3,260 ஹெர்ட்ஸில் பாடும். ஒரு சென்டிமீட்டர் என்றால் 326. அழுத்தம் கூடினால் வில் விறைத்துச் சுருதி ஏறும். ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், நூறு வளிமண்டல அழுத்தத்தில், அதே ஆரமுள்ள குமிழி பத்து மடங்கு உயர்ந்த சுருதியில் ஒலிக்கும். அங்கிருந்து அது மேலே ஏறும்போது அழுத்தமும் குறைகிறது, உடலும் பெருக்கிறது. இரண்டும் சேர்ந்து, வெப்பநிலை மாறாது என்று வைத்துக்கொண்ட எளிய கணக்கில், மேலே வந்து சேர்வதற்குள் அதன் சுருதி நாற்பத்தைந்து மடங்குக்கு மேல் இறங்கிவிடும். ஒரே குமிழி பாடியபடியே ஐந்தரை ஸ்தாயி இறங்கி வருகிறது!

இதைவிட அழகானது கலவையில் ஓசையின் வேகம். நீரில் ஓசை நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர் போகும், காற்றில் 340. பாதி நீரும் பாதி காற்றுக்குமிழியுமாகக் கலந்தால் வேகம் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். சாதாரண அழுத்தத்தில் அது இருபது சொச்சம் மீட்டராகச் சரிந்துவிடுகிறது. கலவைக்கு நீரின் எடையும் காற்றின் குழைவும் ஒருசேர வந்துவிடுவதே காரணம். ஏ. பி. வுட் என்ற ஆங்கில இயற்பியலாளர் 1930-இல் வெளியிட்ட ஒலியியல் நூலின் வழியாக, இந்த வேகத்தைத் தரும் சமன்பாட்டுக்கு அவர் பெயரே நிலைத்தது. நூறு வளிமண்டல அழுத்தத்தில் அதே கலவையில் வேகம் இருநூறு சொச்சம்; அப்போதும் காற்றுக்கும் கீழேதான். எனவே கிணற்றுக் குழாயில் ஓசை எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளந்தாலே, அங்கே எவ்வளவு வாயு கலந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வழி பிறக்கிறது.

இழை முழுவதும் காதாக இருப்பதால் அந்த வேகத்தை அளப்பது எளிது. ஓர் இரைச்சல் எந்த நேரத்தில் எந்த ஆழத்தைக் கடந்தது என்று பார்த்தால் போதும். ஓட்டத்தோடு சேர்ந்து மேலே போகும் ஓசை சற்று வேகமாகவும், ஓட்டத்தை எதிர்த்துக் கீழே போகும் ஓசை சற்று மெதுவாகவும் போகும். இரண்டு வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் திரவத்தின் ஓட்டம். நொடிக்கு 1,200 மீட்டர் போகும் ஓசையில் இரண்டு மீட்டர் ஏற்றத்தாழ்வைக் கண்டுபிடிப்பது ஒற்றைக் காதால் ஆகிற காரியமில்லை. நூற்றுக்கணக்கான காதுகள் வரிசையாக நின்றால் அது கைகூடும். ஓட்டத்துக்குள் எதையும் நுழைக்காமல், குழாய்க்கு வெளியிலிருந்தபடியே எல்லாம் முடிந்துவிடுகிறது.

கசிவைச் செவியால் கண்டுபிடிப்பது புதிதல்ல. 1950-களிலேயே கிணற்றுக்குள் ஒலிவாங்கியை வடத்தில் கட்டி இறக்கினார்கள். எக்ஸான் நிறுவனத்தின் மெக்கின்லியும் சகாக்களும் 1973-இல், கசிவின் வகையை அதன் நாதத்திலேயே பிரித்துக் காட்டினார்கள்: வாயு திரவத்துக்குள் குமிழியாகக் கசிந்தால் 200 முதல் 600 ஹெர்ட்ஸ் வரை, திரவமோ வாயுவோ தனியாகச் சீறிக் கசிந்தால் 1,000 ஹெர்ட்ஸ் அருகே. அன்றைய வேலை பொறுமைக்குச் சோதனை. ஓர் ஆழத்தில் நிறுத்த வேண்டும், வடத்தின் ஆட்டம் அடங்கக் காத்திருக்க வேண்டும், சில நிமிடம் கேட்க வேண்டும், அடுத்த ஆழத்துக்கு நகர வேண்டும். அதற்குள் முந்தைய ஆழத்தில் என்ன நடந்தது என்பது போயே போய்விடும். இழை எல்லா ஆழத்தையும் ஒரே நேரத்தில் கேட்கிறது.

எல்லா ஒளியிழைக் காதும் இப்படி நீண்டு கிடப்பதில்லை. புள்ளியாக ஓரிடத்தில் நின்று கேட்பவையும் உண்டு, அவற்றில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரிய மின்மாற்றிகளின் எண்ணெய்க்குள் காப்பு பழுதாகும்போது நுண்ணிய மின்கசிவு தெறிக்கும். அது நம் காதுக்கு எட்டாத, பல பத்தாயிரம் ஹெர்ட்ஸ் ஓசையை எழுப்பும். லட்சக்கணக்கான வோல்ட் நிற்கும் அந்த எண்ணெய்க்குள் செம்புக் கம்பியை விடுவது ஆபத்து. கண்ணாடியைத் தாராளமாக விடலாம். இழையின் வெட்டுமுனைக்கு எதிரே சில பத்து மைக்ரான் தள்ளி ஒரு சிலிக்காச் சவ்வு. வெட்டுமுனையில் சுமார் 4 சதவீதம் ஒளி திரும்புகிறது, சவ்வில் பட்டு இன்னொரு பங்கு திரும்புகிறது, இரண்டும் கலக்கின்றன. சவ்வு அசைந்தால் கலப்பின் பிரகாசம் மாறும். காற்றில் வைத்துச் சுருதி சேர்த்த சவ்வை எண்ணெயில் அமிழ்த்தினால் சுருதி இறங்கிவிடும். கச்சேரிக்கு முன் மிருதங்கத்தின் தொப்பியில் ரவை அப்பினால் நாதம் தாழ்வது மாதிரி, சவ்வோடு ஒட்டி அசையும் எண்ணெயும் அதற்கு எடையாகிவிடுகிறது. அந்த எடை எவ்வளவு என்பதை ஹொரேஸ் லாம்ப் 1920-இலேயே நீரைத் தொட்டு நிற்கும் தகட்டுக்குக் கணக்கிட்டு வைத்துவிட்டார். எனவே எண்ணெயில் வேண்டிய சுருதியை நினைத்து, காற்றில் அதைவிட உயர்ந்த சுருதியில் சவ்வைச் செய்கிறார்கள்.

மீண்டும் ஆழ்துளைக்கு. எத்தனை பூச்சு பூசினாலும், 200 டிகிரி நீராவியில் ஒரு நாள் இழை கருத்துத்தான் போகும். சில கிணறுகளில் இதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு வேலை செய்திருக்கிறார்கள். கால் அங்குல எஃகுக் குழாயைக் கிணற்றின் அடிவரை இறக்கி, அங்கே வளைத்து, மறுபடி மேலே கொண்டுவந்துவிடுவார்கள். குழாய் காலி, உள்ளே இழை இல்லை. பிறகு மேலே ஒரு முனையில் இழையைக் கொடுத்து, திரவத்தைப் பாய்ச்சுவார்கள். இழையின் மேற்பரப்பில் உரசி ஓடும் திரவம் அதைத் தன்னோடு இழுத்துக்கொண்டு கிலோமீட்டர் கணக்கில் கீழே போய், வளைவில் திரும்பி, மறுமுனையில் வெளியே வந்துவிடும். இழை கருத்துப்போனால் கிணற்றைக் கலைக்க வேண்டியதில்லை. அதே வழியில் பழையதைத் தள்ளி எடுத்துவிட்டுப் புதியதைப் பாய்ச்சலாம். அப்படிப் பாய்ச்சிய இழை குழாயோடு இறுக ஒட்டாமல் கிடப்பதால், சிமெண்டில் புதைந்த இழை அளவுக்கு நுணுக்கமாகக் கேட்காது. வெப்பநிலை அளக்க அதுவே போதும் என்பவர்கள் இப்படிச் செய்கிறார்கள். பாறையின் விரிசலையும் குமிழியின் சுருதியையும் கேட்டே ஆக வேண்டும் என்பவர்கள், அந்த இழை ஒருமுறைதான் என்று தெரிந்தே சிமெண்டுக்குள் இறக்குகிறார்கள்.